காயைக் கொடுத்து இனிஷியேட்டிவ் வாங்குவது: கணக்கு எங்கே இருக்கிறது?

மௌனசிப்பாய்:

வணக்கம் நண்பர்களே. செஸ்ஸில் ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இதில் இனிஷியேட்டிவுக்கு, அதாவது எதிராளியைப் பதில் சொல்ல வைத்துக்கொண்டே ஆட்டத்தை நடத்தும் பிடிக்கு, இடமே இல்லை. மூன்று டெம்போ, அதாவது மூன்று நகர்வு நேரம், ஒரு சிப்பாய்க்குச் சமம் என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. ஓப்பனிங்கில் ஏதோ ஒத்துவருகிறது, நடு ஆட்டத்தில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடிவதில்லை.

மனப்பாடம் செய்துவிட்டு வருகிற கேம்பிட்டுகளை, அதாவது ஓப்பனிங்கிலேயே சிப்பாய் கொடுக்கும் ஆட்டமுறைகளைப் பற்றி நான் கேட்கவில்லை. செக்மேட் வரை எண்ணிப் பார்த்துவிட்டுக் காயைத் தூக்கிக் கொடுப்பதைப் பற்றியும் இல்லை, அதில் துணிச்சலுக்கு வேலை கிடையாது. கொடுத்தால் எதிராளி திணறுவார் என்று படுகிறது, ஆனால் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. அப்படி ஒரு நிலையில் எதைப் பார்த்துத் துணிகிறீர்கள்?


டைம்டிரபிள்:

எதிராளியின் கடிகாரத்தைப் பார்த்து.


ஏழாம்வரிசை:

டைம்டிரபிள் கிண்டலுக்குச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

மௌனசிப்பாய், நீங்கள் போட்ட பிரிவைத்தான் ஆஸ்திரியாவின் ருடால்ஃப் ஸ்பீல்மனும் போட்டார். முடிவு வரை எண்ண முடிந்தால் அது போலித் தியாகம், எண்ண முடியாவிட்டால் மெய்யான தியாகம். இரண்டாவது வகைக்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான். பலகையில் மொத்தம் எத்தனை காய் என்று எண்ணுவதில்லை. சண்டை நடக்கிற இடத்துக்கு நாலைந்து நகர்வுக்குள் யார் யார் வந்து சேர முடியும் என்று எண்ணுவேன்.

1858இல் பாரிஸ் ஆப்பராவில் அமெரிக்காவின் பால் மார்ஃபி ஆடிய ஆட்டம் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் பார்க்க வேண்டிய இடம் கடைசி ராணித் தியாகம் இல்லை, 8ஆவது நகர்வு. மார்ஃபியின் ராணி பி3இல் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) நிற்கிறது, பி7 சிப்பாய் இலவசமாகக் கிடைக்கிறது. வெட்டினால் கறுப்பு ராணி பி4க்கு வந்து செக் சொல்லும், ராணிகள் மாறும், ஒரு சிப்பாய் லாபம். நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் அதைத்தான் ஆடுவோம், அதில் தவறும் இல்லை. மார்ஃபி சி3க்குக் குதிரையைக் கொண்டுவந்தார். கறுப்பின் ராணி ஈ7இல் நின்றுகொண்டு தன் எஃப்8 பிஷப்பையே அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த பிஷப் வராமல் எச்8 யானையும் வராது. இது தெரிந்த பிறகுதான் 10ஆவது நகர்வில் பி5இல் குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாய் வாங்கினார்.

17ஆவது நகர்வில் மேட். அப்போது பலகையைப் பாருங்கள். மார்ஃபியிடம் ஒரு யானை, ஒரு பிஷப், சிப்பாய்கள். எதிரணியிடம் ராணி, யானை, பிஷப், குதிரை எல்லாம் இருக்கின்றன. எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூட நகரவில்லை. 8 புள்ளி மதிப்புள்ள காய்கள் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த 8ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் மார்ஃபி கொடுத்தது அவ்வளவு பெரிய விலையாகத் தெரியாது.


எதிர்க்கணக்கு:

மார்ஃபியை எடுத்தால் யார்தான் மறுப்பார்கள்? எதிரில் இருந்தவர்கள் ஒரு டியூக்கும் ஒரு கவுண்ட்டும், இரண்டு பேரும் கலந்துபேசி ஆடிய பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள். அதிலிருந்து விதி எடுக்கக் கூடாது.

சமபலமான எதிராளி என்றால் நிலைமை வேறு. 1960 உலக சாம்பியன்ஷிப், 6ஆவது ஆட்டம், வெள்ளையில் சாம்பியன் போட்வின்னிக், கறுப்பில் சவால்விட்ட டால். 21ஆவது நகர்வில் குதிரையை எஃப்4இல் கொண்டுபோய் வைத்தார். போட்வின்னிக் வெட்டினார். மூலைவிட்டம் திறந்தது, ஜி7 பிஷப் உயிர்பெற்றது, அரங்கில் சத்தம் தாங்க முடியாமல் ஆட்டத்தை உள்ளறைக்கு மாற்றினார்கள் என்பார்கள். எல்லாம் சரி. பிற்பாடு ஆராய்ந்து பார்த்ததில் தெரிந்தது என்ன? 25ஆவது நகர்வில் போட்வின்னிக் தன் பிஷப்பால் எஃப்3 சிப்பாயை வெட்டியிருந்தால் வெள்ளையின் கைதான் ஓங்கியிருக்கும். அவர் பி2இல் நின்ற ராணியை யானையால் வெட்டினார், அங்கே காரியம் கெட்டது.

காஸ்பரோவ்–டோப்பலோவ், நெதர்லாந்தின் விக் ஆன் ஸே போட்டி, 1999. 24ஆவது நகர்வில் காஸ்பரோவ் டி4இல் யானையைக் கொடுத்தார். இன்றைக்கும் மேடை போட்டுப் புகழ்கிறார்கள். டோப்பலோவ் அந்த யானையைத் தொடாமல் ராஜாவை பி6க்கு நகர்த்தியிருந்தால் அந்த அழகான ஆட்டமே நடந்திருக்காது.

நான் சொல்ல வருவது: இனிஷியேட்டிவ் என்பது கைமாற்று வாங்கிய பணம். தவணை நாளுக்குள் ஏதாவது சம்பாதிக்காவிட்டால் எண்ட்கேமில் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டும். இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படுவதை ஒரு கலை என்று சொல்லிக்கொடுப்பது இளம் ஆட்டக்காரர்களைக் கெடுக்கிறது.


பிளிட்ஸ்பையன்:

சார், கெட்டுப்போனவங்கள்ல நானும் ஒருத்தன் :)

நான் கறுப்புல டூ நைட்ஸ்ங்கற ஓப்பனிங் ஆடுவேன். வெள்ளை 4ஆவது நகர்வுல குதிரையை ஜி5க்கு ஏத்தினதும் டி5 சிப்பாயைத் தள்ளுவேன், வெட்டுவாங்க. குதிரையால திருப்பி வெட்டினா எஃப்7ல குதிரையைக் கொடுத்து என் ராஜாவை ஈ6 வரைக்கும் இழுத்துட்டு வந்துடுவாங்க, அது நமக்கு வேண்டாம். அதனால குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் பிஷப்பை விரட்டறது. பி5ல செக், சி6, வெட்டு, வெட்டு, பிஷப் ஈ2க்கு ஓடும். எச்6 தள்ளினா குதிரை எஃப்3க்குத் திரும்பும், ஈ4 தள்ளினா அது ஈ5க்குத் தாவும்.

இப்ப நிறுத்தி எண்ணிப் பாருங்க. வெள்ளை 10 நகர்வு ஆடியாச்சு. அதுல 4 ஒரே குதிரை, 3 ஒரே பிஷப், மீதி 3 சிப்பாய் வேலை. வேற ஒரு காயும் வெளிய வரல. எனக்கு ஒரு சிப்பாய் கம்மி. ஆனா என் ரெண்டு பிஷப்புக்கும் வழி திறந்திருக்கு, ஈ4 சிப்பாய் அவங்க நெஞ்சுல உட்கார்ந்திருக்கு, அடுத்த நகர்வும் என்னுது. ஏ5 குதிரை ஓரத்துல நிக்கறது மட்டும்தான் உறுத்தல்.

இது தியரிதான், ஏற்கெனவே எழுதி வெச்ச வழி, மௌனசிப்பாய் அண்ணா தியரி வேண்டாம்னாரு. ஆனா இதுல எண்ணிப் பழகினதுதான் எனக்கு நடு ஆட்டத்துல உதவுது. எதிராளி ஒரே காயை மூணாவது தடவை நகர்த்தறாருன்னா உடனே காது விடைச்சுக்கும்.


ஏழாம்வரிசை:

தம்பி சொன்னது பொன்னான விஷயம்.

எதிர்க்கணக்கு ஐயா, அமெச்சூர்கள் வேண்டாம் என்றீர்கள். அப்படியானால் உலகத் தர ஆட்டக்காரர் அரோனியன். 2013, விக் ஆன் ஸே, கறுப்பில் ஆனந்த். 13ஆவது நகர்வில் அரோனியன் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டி எஃப்8 யானையைத் தாக்குகிறார். ஆனந்த் யானையைத் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரையை ஜி4க்கு அனுப்புகிறார். இரண்டு நகர்வு கழித்து டி4 சிப்பாயின் வாயிலேயே சி5இல் பிஷப்பை வைக்கிறார். அதற்கடுத்த நகர்வில் எஃப்4 சிப்பாயின் வாயில், ஈ5இல் இன்னொரு குதிரை. மூன்று காய்கள் ஒரே நேரத்தில் தொங்குகின்றன.

19ஆவது நகர்வில் அரோனியன் எஃப்8 யானையை ஒருவழியாக வெட்டியபோது ஆனந்த் அதைத் திருப்பி வெட்டக்கூட இல்லை, எஃப்5 என்று ஒரு சிப்பாயைத் தள்ளினார். செக் இல்லை, எதையும் தாக்கவில்லை, ஜி4 குதிரைக்குத் தாங்கல் கொடுக்கிற அமைதியான நகர்வு. ஒரு யானை குறைவாக இருக்கும்போது இப்படி ஒரு நகர்வுக்கு நேரம் இருக்கிறது என்பதே அங்கே யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

23ஆவது நகர்வில் கறுப்பு பிஷப் ஈ3க்கு வந்ததும் அரோனியன் கை கொடுத்துவிட்டார். டி3இல் இருந்த வெள்ளை ராணி எச்3 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது, அந்தக் கோட்டை பிஷப் குறுக்கே புகுந்து வெட்டிவிட்டது. பி7 பிஷப் ஜி2 சிப்பாயை ராஜாவோடு சேர்த்து 'பின்' (pin) செய்திருக்கிறது, சிப்பாய் நகர்ந்தால் ராஜா செக்கில் விழும், அதனால் எச்3இல் ராணி வெட்டினால் திருப்பி வெட்ட ஆளில்லை.

முடிந்த நிலையில் ஏ1 யானையும் சி1 பிஷப்பும் பிறந்த கட்டத்திலேயே நிற்கின்றன. மார்ஃபி ஆட்டத்தில் எஃப்8, எச்8. இங்கே ஏ1, சி1. நடுவே 155 ஆண்டுகள்.


எதிர்க்கணக்கு:

அந்த ஆட்டத்தை நானும் ரசித்தேன். ஆனால் அது பெருமளவு வீட்டில் தயார் செய்துவிட்டு வந்தது. மௌனசிப்பாய் கேட்டது பலகைக்கு முன்னால் உட்கார்ந்து துணிவதைப் பற்றி.


ஏழாம்வரிசை:

தயாரிப்பு இருந்தது உண்மை. தயாரிப்பிலும் யாரோ ஒருவர் "யானை போகட்டும்" என்று முதலில் நினைத்திருக்க வேண்டும் இல்லையா? அந்த முதல் நினைப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.


வெள்ளைக்கட்டம்:

இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆட்டங்களையே எடுத்துக்கொண்டு மோதுகிறீர்கள். ராஜாவை வேட்டையாடுவது மட்டும்தான் இனிஷியேட்டிவா? நான் சில பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருகிறேன். அவர்கள் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். காயைக் கொடுத்த மறுநொடியே செக் தேடுகிறார்கள். மூன்று செக் சொல்வார்கள், ராஜா பத்திரமான இடத்துக்குப் போய்விடும், பிறகு கையைப் பிசைவார்கள்.

பென்கோ கேம்பிட்டைப் பாருங்கள். கறுப்பு 3ஆவது நகர்வில் பி5, பிறகு ஏ6, ஒரு சிப்பாய் போயாயிற்று. பதிலுக்கு ஏ ஃபைலும் பி ஃபைலும் (அந்த நெடுவரிசைகள்) திறந்து கிடக்கின்றன, ஜி7 பிஷப் அந்தப் பக்கம் முழுவதையும் பார்க்கிறது. வெள்ளை ராஜாவை யாரும் தொடுவதில்லை. வேடிக்கை என்னவென்றால் ராணிகளை மாற்றிக்கொண்டாலும் அழுத்தம் குறையாது, பல சமயம் கூடும். ஏழாம்வரிசை சொன்ன "வராத காய்" கணக்கு இங்கே ஒத்துவராது. வெள்ளையின் காய்கள் எல்லாம் வந்துவிடும். வந்து ஏ2, பி2 சிப்பாய்களுக்குக் காவல் நிற்கும், அவ்வளவுதான். காவல் வேலையில் மாட்டிய காய் வேறெதுவும் செய்ய முடியாது. கைமாற்று, தவணை என்றெல்லாம் சொன்னாரே ஒருவர், இந்தக் கடனுக்குத் தவணை நாளே கிடையாது.

இன்னும் ஒரு படி மேலே போனால் பிற்பாடு உலக சாம்பியனான பெட்ரோசியன். சூரிச் 1953, ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகக் கறுப்பில் ஆடி, 25ஆவது நகர்வில் யானையை ஈ6இல் வைத்தார். வெள்ளை பிஷப் வெட்டட்டும் என்று வைத்தார். காரணம் அவருடைய குதிரைக்கு ஈ7 கட்டம் வேண்டியிருந்தது, அங்கிருந்து டி5க்குப் போக. டி5இல் குதிரை உட்கார்ந்துவிட்டால் வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் நகராது, அவற்றுக்குப் பின்னால் நிற்கும் யானைகளுக்கும் வேலை இல்லை. கடைசியில் ரெஷெவ்ஸ்கியே ஒரு யானையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, 41 நகர்வில் டிரா. தாக்குதல் துளிகூட இல்லாத தியாகம்.


பிளிட்ஸ்பையன்:

அக்கா, அது இனிஷியேட்டிவா? அங்க அவரு தப்பிச்சாரு, அவ்வளவுதானே?


வெள்ளைக்கட்டம்:

நல்ல கேள்விடா. 25ஆவது நகர்வுக்கு முன்னால் ரெஷெவ்ஸ்கி ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார், பெட்ரோசியன் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரை டி5க்கு வந்த பிறகு அந்த ஓட்டம் நின்றது. எதிராளியின் இனிஷியேட்டிவைக் காசு கொடுத்து நிறுத்தினார் என்று வைத்துக்கொள். இனிஷியேட்டிவை வாங்கினாலும் நிறுத்தினாலும் கொடுக்கிற விலை காய்தான்.


மௌனசிப்பாய்:

இந்தக் கோணம் நான் யோசிக்காதது, நன்றி மேடம்.

இன்ஜின், அதாவது கணினி செஸ் நிரல் பற்றி யாரும் பேசவில்லையே? சிப்பாய் கொடுத்து ஆடிய என் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தால் பூஜ்யம் காட்டுகிறது. அந்தப் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?


ஏழாம்வரிசை:

இரண்டு பக்கமும் தப்பே செய்யாவிட்டால் சமன் என்று அர்த்தம். யாருக்கு அப்படி ஆடுவது எளிது என்று அது சொல்லாது. பூஜ்யம் என்று இருந்தால் நான் அதோடு நிற்க மாட்டேன். எதிராளியின் ஒவ்வொரு நகர்விலும் இரண்டாவது, மூன்றாவது தேர்வுக்கு என்ன மதிப்பெண் என்று பார்ப்பேன். முதல் தேர்வு பூஜ்யம், இரண்டாவதே உங்களுக்கு 3 சாதகம் என்றால் அவர் கயிற்றின் மேல் நடக்கிறார். உங்களுக்கோ நாலைந்து நகர்வுகள் ஒரே மதிப்பில் இருக்கின்றன என்றால் நீங்கள் தரையில் நடக்கிறீர்கள். டாலின் குதிரையை இப்படித்தான் பார்க்க வேண்டும். பிழை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அன்றைய உலக சாம்பியன், அவரே பலகையில் தவறவிட்டார். டைம்டிரபிள் சொன்ன கடிகாரம் வருவதும் இங்கேதான்.


எதிர்க்கணக்கு:

மறு வருடமே 1961இல் அதே போட்வின்னிக் 13–8 என்று பட்டத்தைத் திரும்ப வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


வெள்ளைக்கட்டம்:

இன்ஜின் என்றதும் ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் நினைவுக்கு வருகிறது. 2018இல் வெளியான முடிவில் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினோடு 1000 ஆட்டம், 155 வெற்றி, 6 தோல்வி, மீதி டிரா. அந்த ஆட்டங்களில் சிலதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சிப்பாய், சமயத்தில் இரண்டு, கொடுத்துவிட்டு எந்த அவசரமும் இல்லாமல் இருபது முப்பது நகர்வு ஆடும். எதிரியின் ஏதோ ஒரு பிஷப்போ யானையோ மூலையில் அடைபட்டிருக்கும். காய் மதிப்பை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை, தன்னோடு தானே ஆடிக் கற்றது. எதிர்க்கணக்கு சார், இதுவும் இளம் ஆட்டக்காரர்களைக் கெடுக்கிறதா?


எதிர்க்கணக்கு:

இயந்திரம் களைப்படையாது மேடம். முப்பது நகர்வு வரை ஒரு சிப்பாய் குறைவாக நிம்மதியாக உட்கார நம்மால் முடியுமா? ஆனால் ஒன்றை ஏற்கிறேன். சிப்பாய் கொடுப்பதற்கும் குதிரை கொடுப்பதற்கும் தராதரம் வேறு. ஒரு சிப்பாய் போனால் தாக்குதல் அடங்கினாலும் டிரா பிடிக்க வழி இருக்கும். குதிரை போய்த் தாக்குதலும் அடங்கினால் கதை முடிந்தது. என் கோபமெல்லாம் இரண்டாவது வகையின் மேல்தான்.

இன்னொன்று. இந்த இழையில் எல்லோரும் கொடுப்பவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்? வெள்ளை பி4 சிப்பாயைக் கொடுக்கும் ஈவான்ஸ் கேம்பிட் 19ஆம் நூற்றாண்டில் எத்தனையோ பேரை அடித்துச் சாய்த்தது. உலக சாம்பியன் லாஸ்கர் வந்தார். வாங்கிய சிப்பாயைக் கட்டிக்கொண்டு அழவில்லை. டி6 தள்ளினார், பிஷப்பை பி6க்குப் பின்வாங்கினார். வெள்ளை ஈ5இல் சிப்பாயைத் திரும்ப வாங்க வேண்டுமானால் ராணிகள் மாறும். மாறிய பிறகு காய் சமம், வெள்ளையின் ஏ, சி சிப்பாய்கள் துணையில்லாமல் தனித்தனியாகக் கிடக்கும், தாக்குதல் போன இடம் தெரியாது. வாங்கியதைச் சரியான நேரத்தில் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவரிடம் இந்த வித்தைகள் பலிக்காது.


ஏழாம்வரிசை:

பலிக்காது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது ஐயா. 1995இல் ரீகாவில் காஸ்பரோவ் அதே ஈவான்ஸை எடுத்து 25 நகர்வில் ஆனந்தையே வென்றார். ஆனால் திருப்பிக் கொடுப்பது பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். தியாகம் செய்யும் முன் நான் கேட்டுக்கொள்ளும் இரண்டாவது கேள்வியும் அதுவே: அவர் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது என்றால் கொடுக்க மாட்டேன்.


பிளிட்ஸ்பையன்:

அப்ப கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்கற மார்ஷல் அட்டாக்ல அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாதுன்னுதான் இன்னும் பெரிய ஆளுங்க ஆடறாங்களா? 1918ல கேப்பபிளாங்கா மார்ஷலையே 36 நகர்வுல தோக்கடிச்சாரே, அதுக்கப்புறமும் எப்படி உயிரோட இருக்கு?


வெள்ளைக்கட்டம்:

மார்ஷல் அன்றைக்கு 11ஆவது நகர்வில் குதிரையை எஃப்6க்கு எடுத்தார். இப்போது அந்த இடத்தில் சி6 தள்ளி டி5 குதிரையைத் தாங்குகிறார்கள். பிறகு வெள்ளை டி4, கறுப்பு பிஷப் டி6, யானை ஈ1க்குத் திரும்புகிறது, ராணி எச்4, ஜி3, ராணி எச்3.

இங்கே நிறுத்து. கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. இந்த நொடியில் மேட் மிரட்டல் ஒன்றும் இல்லை. ஆனால் எஃப்3இல் காவல் நின்ற வெள்ளைக் குதிரை ஈ5இல் மாறிப் போய்விட்டது, வெள்ளைக் கட்டங்களைக் காக்க வேண்டிய பிஷப் தூரத்தில் பி3இல் இருக்கிறது. ஏ1 யானை, பி1 குதிரை, சி1 பிஷப், டி1 ராணி நான்கும் 14 நகர்வு ஆகியும் அசையவில்லை. ஏழாம்வரிசையின் கணக்கு இங்கே அச்சாகப் பொருந்தும்.


பிளிட்ஸ்பையன்:

அடுத்து பிஷப் ஜி4, ஏ8 யானை ஈ8, அங்கிருந்து ஈ6, முடிஞ்சா எச்6. சரியா அக்கா?


வெள்ளைக்கட்டம்:

சரி. ஆனால் வெள்ளை அதற்குள் பிஷப் ஈ3, ராணி டி3, குதிரை டி2 என்று மூன்றே நகர்வில் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். ராணி எஃப்1க்கு வந்து உன் ராணியை மாற்றக் கேட்கும். அப்போது எச்5க்குப் பின்வாங்குவாயா, எஃப்5 தள்ளுவாயா? இதுதான் விவாதம்.


எதிர்க்கணக்கு:

பேசியது போதும். அந்த ராணி எச்3 நிலையிலிருந்து ஆடிப் பார்க்கலாம். வெள்ளை எனக்கு, அந்தச் சிப்பாயை நான் லேசில் விடுவதாக இல்லை. 15 நிமிடம், நகர்வுக்கு 10 நொடி கூடுதல். யார் வருகிறீர்கள்?


மௌனசிப்பாய்:

இழையைத் தொடங்கியவன் நான், கறுப்பு நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆட்டத்தில் நிறம் மாற்றிக்கொள்வோம்.


டைம்டிரபிள்:

10 நொடி கூடுதல் வேண்டாம் ஐயா. அதுதான் தியாகத்தையே கெடுக்கிறது.